நாலாம் வகுப்பு வாய் திறக்கும் பீரியட்

அண்ணி சமையலறையில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் கருத்து கேட்பார். தெருவிளக்கு எரியாவிட்டால் அது யாருடைய பொறுப்பு என்று கரண்டியும் கையுமாகத் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். நான் சுவரோடு சுவராக நழுவிவிடுவேன். மின்சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன், பல்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று தமிழில் சொல்லி விவாதத்தை அங்கேயே முடித்துவிடுவார்.

அண்ணி தொடக்கப்பள்ளி ஆசிரியை. தான் படித்த காலத்தில் வகுப்பில் வாயே திறக்காதவர். வருகைப் பதிவின்போதுகூடக் கையை மட்டும்தான் தூக்குவாராம். அதையெல்லாம் இப்போது வட்டியும் முதலுமாக எங்கள் காதுகளில் தீர்க்கிறார் என்பது அண்ணனின் கட்சி.

தன்னைப் போல இன்னொரு பிள்ளை கையைத் தூக்கியே காலம் தள்ளிவிடக் கூடாது என்று அண்ணி கெஞ்சி வாங்கியதுதான் அந்த வாராந்திரப் பீரியட். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவின் பிரச்சினைகளை எல்லோரும் கேட்க ஆங்கிலத்தில் பேச வேண்டும். விதி இரண்டே. அந்த வாரம் கண்ணால் பார்த்ததை மட்டும் பேச வேண்டும். ஒருவர் சொன்னதை மறுப்பதற்கு முன் 'ஐ அக்ரீ, பட்' என்று மரியாதையாகத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது விதி பள்ளிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. தையற்கடைக்காரர் ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். மகனைக் குளிக்கச் சொன்னால் 'ஐ அக்ரீ, பட்' என்கிறானாம். அடித்தால் அழுதுகொண்டே அதையே சொல்கிறானாம். அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "சத்தமா சொல்றானாங்க?"

தலைமையாசிரியையைப் பள்ளியில் எல்லோரும் பெரிய மிஸ் என்பார்கள். அவருக்கு இந்தப் பீரியட் சந்தைக்கடை. பக்கத்து வகுப்புகளுக்குத் தொல்லை. அந்த நேரத்தில் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, தன் தலைவலிக்கும் நல்லது என்று நினைப்பவர். கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதிகாரி முன்னால் ஒழுங்காகப் பேசினால் பீரியட் இருக்கும். சொதப்பினால் அடுத்த வாரம் முதல் கையெழுத்து. தலைப்பும் அவரே கொடுத்தார்: தண்ணீர் சிக்கனம். யாரையும் புண்படுத்தாத தலைப்பு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. அண்ணி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பயம் எதற்கு, ஒரு பீரியட்தானே என்று அண்ணன் சீண்டினார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அதுங்க இப்பதான்டா வாயத் திறக்குதுங்க. மறுபடி மூடிக்கிட்டா எப்பத் திறக்கும்னு சொல்ல முடியாது."

என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. படம் எடுக்க ஆள் வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அதிகாரி வந்த அன்று நாலாம் வகுப்பு தலைவாரிப் பொட்டு வைத்ததுபோல் இருந்தது. கரும்பலகையில் பெரிய மிஸ் கைப்பட ஒரு நீலத் துளி வரைந்திருந்தார். அதிகாரி ஒடிசலான மனிதர், வெயிலில் வந்த களைப்பு. நாற்காலியில் சாய்ந்து, தொடங்கலாம் என்று கை காட்டினார். பிள்ளைகள் மனப்பாடம் செய்த வரிகளை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் நாக்கு பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது. வாராவாரம் கேட்கும் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார்: இந்த வாரம் நீங்கள் கண்ணால் பார்த்த பிரச்சினை என்ன?

கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் முன் வரிசைச் சிறுமி எழுந்துவிட்டாள். நாள் முழுக்க ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தெளிவான ஆங்கிலத்தில் ஒலிபரப்பினாள்.

பெரிய மிஸ் இருமினார். தையற்கடைக்காரர் மகன் எழுந்தான். ஐ அக்ரீ, பட் அது பிரச்சினையே இல்லை, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரிந்துவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம் என்றான். இன்னொருத்தி எழுந்து, ஐ அக்ரீ, பட் இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாடினால் குழப்பம் வருகிறது என்றாள். விவாதம் சூடு பிடித்தது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குட்டைப் பையன் மெதுவாக எழுந்தான். தனக்குப் பாட வராது, அதனால் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்றான்.

கரும்பலகையில் இருந்த நீலத் துளியை ஏனோ நான் படம் எடுத்தேன்.

"போதும், உக்காரு," என்றார் பெரிய மிஸ்.

"ஐ அக்ரீ மிஸ், பட் ஐ ஆம் நாட் ஃபினிஷ்ட்," என்றான் அவன், மிகுந்த மரியாதையோடு.

அதிகாரி அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்றார். நடைபாதைக் கோடியில் இருந்தது. உள்ளே போனார், கதவைச் சாத்தினார். கதவு தானாகத் திறந்தது. மறுபடி சாத்தினார். பார்க்க மட்டும் போனவர், போனதோடு வேலையையும் முடித்துக்கொள்ள நினைத்தார்போலும். சிறிது நேரத்தில் உள்ளிருந்து ஒரு பழைய காதல் பாட்டு வரத் தொடங்கியது. நல்ல குரல். பெரிய மிஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே வந்தவர் கை கழுவிக்கொண்டே இரண்டே விஷயம் சொன்னார். தாழ்ப்பாள் நாளைக்குள் வேண்டும். இந்தப் பீரியட் எந்த நாள் என்று தனக்குச் சொல்ல வேண்டும், மறுபடி வருவார்.

அவர் போன பிறகு பெரிய மிஸ் அண்ணியை அறைக்கு அழைத்தார். படங்களைக் காட்டுவதற்காக நானும் கூடவே நின்றேன்.

"தண்ணி எங்கம்மா போச்சு?"

"பழக்கதோஷம் மிஸ். வாய் அதுவா கேட்டுருச்சு."

"அவர் வந்து கேப்பாரே, அதனால நிறுத்தவும் முடியாது." பெரிய மிஸ் பெருமூச்சு விட்டார். "இனிமே அந்தப் பீரியட்ல நானும் வந்து உக்காருவேன். இங்க என்ன பேச்சு நடக்குதுன்னு எனக்கு முதல்ல தெரியணும்."

சொன்னபடி அடுத்த வாரமே வந்தார். குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க, முகத்தில் காவல்காரக் களையோடு உட்கார்ந்தார் என்று அண்ணி அன்று சாயங்காலம் சொன்னார். பிள்ளைகள் எடுத்தது பேருந்துப் பிரச்சினை. பள்ளி நிறுத்தத்தில் நிறுத்தாமல் போய்விடுகிறதாம். நிறுத்தினால் நேரமாகிவிடும் என்று ஒரு கட்சி, ஓடி ஏறிக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி. தினமும் அதே பேருந்தில் வருகிற பெரிய மிஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார்.

பிறகு கையைத் தூக்கியிருக்கிறார்.

எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி எழுப்புகிற அண்ணி, இவரை எப்படி எழுப்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். கடைசியில் ரேடியோதான் திரும்பிப் பார்த்து, "எழுந்து நின்னு சொல்லுங்க மிஸ், அப்பதான் கேக்கும்," என்றாளாம்.