மச்சானின் துப்பாக்கியும் என் காரும்: திரிங்காப் முதல் தானா ராத்தா வரை

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெர்ரி வாங்கி வருவார்கள். நான் போன பள்ளி விடுமுறையில் துப்பாக்கி ஏற்றிக்கொண்டு போனேன். என் மனைவியின் அண்ணன் குணா திரிங்காப்பில் கோஸ் பயிரிடுகிறார். காட்டுப்பன்றி விரட்ட லைசன்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார். லைசன்ஸைப் புதுப்பிக்கத் துப்பாக்கியோடு தானா ராத்தாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவருடைய லாரி பட்டறையில் கிடந்ததால் என் கார் மாட்டிக்கொண்டது.

பிற்பகல் 2.40-க்குக் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர்தான். பெட்ரோல் முப்பது வெள்ளிக்குப் போட்டேன். துப்பாக்கி உறைக்குள், காரின் பின்பக்க பூட்டில், தோட்டா தனிப்பெட்டியில், லைசன்ஸ் மச்சானின் சட்டைப் பையில்.

கியா பார்ம் ஊரைத் தாண்டித் தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில் 3.15-க்கு வாகனங்கள் நின்றுவிட்டன. "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன், ரெண்டு நிமிசம் லா" என்று மச்சான் இறங்கினார். அவர் போன கையோடு பனி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே எதுவுமே இல்லை. அந்நேரம் பார்த்தா வரிசை நகர வேண்டும்! பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். நகர்த்தினேன். இருநூறு மீட்டரில் போலீஸ் சோதனை.

தமிழ்ப் போலீஸ்காரர். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்தார்.

"பூட்ல என்னா?"

இந்த நாட்டில் லைசன்ஸ் இல்லாதவனிடம் துப்பாக்கி சிக்கினால் சிறைதான். மறைத்து மாட்டினால் இன்னும் மோசம்.

"துப்பாக்கி சார். லைசன்ஸ் மச்சான்கிட்ட இருக்கு."

"மச்சான் எங்க?"

பனியைக் காட்டினேன். எனக்கே அது பொய் மாதிரிதான் இருந்தது. சாவியைப் பிடுங்கி, என்னை இறக்கி, முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கூப்புடு பாப்போம்."

"மச்சான்! குணா மச்சான்!"

"இங்கதான் இருக்கேன், வா லா."

இடப்பக்கம், பத்தடிக்குள். மச்சானின் குரலேதான். அப்பாடா என்று பாய்ந்தேன். பிடி விடவில்லை.

"எங்க ஓடப் பாக்குற?" என்று டார்ச்சைத் தரையில் அடித்தார். என் காலுக்கு ஓரடி முன்னால் சாலையோரம் முடிந்திருந்தது. தேயிலைச் செடிகளோடு மண் சரிந்துபோய், வெறும் செம்மண் பள்ளம். அடி தெரியவில்லை.

அப்போதுதான் மச்சான் சாலையோடு ஓடிவந்தார், பின்னாலிருந்து, லைசன்ஸைத் தூக்கிப் பிடித்தபடி. "எங்க, மச்சான், காடிய காணோம்? விட்ட எடத்துல கார் இல்ல. தேடித் தேடி வரேன்."

"கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னீங்களே?"

"நீங்க கூப்பிட்டதே கேக்கலயே. நான் வாயத் தொறக்கல."

போலீஸ்காரர் துப்பாக்கி எண்ணை லைசன்ஸோடு ஒப்பிட்டு, இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்குக் கேட்டுச்சா சார்?" என்றேன்.

"கண்ணாடிய ஏத்திட்டுப் போங்க" என்றார்.

4.10-க்குத் தானா ராத்தா. லைசன்ஸ் புதுப்பித்தாயிற்று.

இப்படிப் போகிறவர்களுக்கு: லைசன்ஸ்காரர் எதற்காகவும் காரை விட்டு இறங்கக் கூடாது. கேட்டால் மறைக்காதீர்கள். நான் மறைத்திருந்தால் அவர் போகச் சொல்லியிருப்பார், என் கையைப் பிடித்திருக்க மாட்டார். நான் இறங்கி, மச்சானைத் தேடி, அந்தக் குரலுக்கே போயிருப்பேன்.

அவர் விரல் பதிந்த இடம் நான்கு நாள் கன்றியிருந்தது. மனைவி தைலம் தேய்க்க வந்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.