தொடங்கிய வருடம் இல்லாத குத்தகை

கல்லூரிக் கடைசிப் பருவத்தில் எனக்குக் கிடைத்த புராஜெக்ட், உலகில் மிக நீண்ட காலம் பிழைத்திருக்கும் தொழில்களைப் பற்றியது. நாடு, நிறுவனம், தொடங்கிய வருடம், தொழில் வகை என்று கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை. அதனிடம் குவெரி, அதாவது அதற்குப் புரியும் மொழியில் ஒரு கேள்வி, எழுதிக் கேட்டால் பதில் வரும். வருடப்படி வரிசைப்படுத்து என்றேன். ஜப்பானில் கோயில் கட்டும் நிறுவனம் ஒன்று தலையில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் கேட்டதும் உலகம் பதில் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் உறுதியாகியிருந்தது. ஆனியில் சேர வேண்டும்.

அப்போதுதான் அப்பா வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இனி சேற்றில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். நாங்கள் செய்வது மடத்து நிலம், தலைமுறைகளாகக் குத்தகை. மடம் அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா உயிரோடு இல்லை. அம்மாவின் அண்ணன், விவசாய சங்கத்தில் இருப்பவர், வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சட்டம் நம்ம பக்கம்தான் மாப்ள. போராடி வாங்குனது. உழுறவன வெளிய தள்ள முடியாது. ஆனா வீட்டு ஆளு ஒருத்தராவது உடம்பால பாடுபடணும். மொத்தமா கூலிக்கு விட்டா அன்னைக்கே உரிமை போச்சு."

"வீட்டு ஆளுன்னா?" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒரே பிள்ளை.

அவர் போன பிறகு அப்பா என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பள்ளியில் அரசாங்கம் கொடுத்தது அது.

"நம்ம குத்தகையையும் அதுல சேத்துடேன்."

"எந்த வருஷம்னு போடறதுப்பா?"

"எங்கப்பாவுக்கே தெரியாது, பாப்பா."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சேர்த்தேன். முந்நூறு வருடத்துக்கு முன் தொடங்கியவற்றைக் காட்டு என்று கேட்டேன். வருடம் இல்லாத வரியைக் குவெரி எடுத்துக்கொள்ளாது.

"இருக்கா?"

"இல்லப்பா."

"அங்கயும் காலி பண்ணிட்டானுங்களா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பழைய நிறுவனங்களின் வரிகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வெளியே போகாமல் இருந்ததால்தான் அவை அங்கே நின்றன. அந்த ஆள் போக ஆசைப்பட்டாரா என்று கேட்க அட்டவணையில் இடமில்லை.

குறுவை நடவன்று அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். வேலைக்கு வருவேனா என்று அன்று மாலைக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"வரிசை கோணுது பாரு," என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த எங்கள் தெரு அக்கா. "கம்ப்யூட்டர்ல போட்டு நேராக்கு."

மடத்துக் காரியஸ்தர் மோட்டார் சைக்கிளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தார். நடவு நாளில் யார் வயலில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வழக்கம்.

"என்னப்பா, பொண்ணு மெட்ராஸ் போகுதாமே. நிலத்த என்ன பண்ணப் போற?"

"இல்லைங்கய்யா..." என்று தொடங்கிய அப்பா நிறுத்திக்கொண்டார். இரு என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள். கைகள் மட்டும் நின்றிருந்தன.

"எங்கயும் போகல சார். நான்தான் பண்றேன்."

எங்கள் வீட்டில் அவரை ஐயா என்று கூப்பிடாத முதல் ஆளும் நான்தான். அவர் என் கால்சேற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"பண்ணு, பண்ணு. எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்."

இந்தக் குறுவை வரைக்கும் என்பதுதான் என் மனக்கணக்கு. அதற்குள் வேறு வழி பிறக்கும், கம்பெனியிடம் தவணை கேட்கலாம் என்றிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"நான் இருக்கற வரைக்கும் சார்."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காரியஸ்தரின் வண்டிச் சத்தம் தேய்ந்தது.

"குனிடி," என்றாள் அக்கா. "உன்னாலதான் எல்லாரும் நிக்கிறோம்."

அடுத்த நாற்று முடியைப் பிரித்தேன்.