கணக்கு வகுப்பின் கதவு

பூந்தமல்லியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம், கோணமும் வட்டமும் சொல்லித்தரும் க்ஷேத்திரகணிதம் வரும்வரை. அந்தப் பாடம் தொடங்கியதும் பெண்களை மட்டும் வராந்தாவுக்கு அனுப்பிக் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். அந்தப் பாடம் இல்லாமல் மேல்வகுப்பில் சேர முடியாது என்பது வாத்தியாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

திருவேற்காட்டுக்கு நடந்தே வந்து வீட்டில் முறையிட்டேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "கோணத்தப் படிச்சி இன்னாடி பண்ணப் போறே? ரவிக்க தச்சிகினு கம்முனு கெட," என்றார்.

நான் அப்படிக் கிடக்கவில்லை. வகுப்புக் கதவுக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தால் கரும்பலகையின் ஓரம்தான் தெரியும், அது குறுங்கோணம். சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டு நின்றால் செங்கோணம், பாதிப் பலகை தெரியும். அதையும் தாண்டிப் போனால் விரிகோணம், முழுப் பலகையும் என்னுடையது. கையிலிருந்த கத்தரிக்கோலை விரித்துச் சரிபார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அரிவாள்மணையையும் விடமாட்டேன்.

ஒருநாள் பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். பையன்கள் எல்லாரும் ஒரே ராகத்தில், "தொண்ணூறு டிகிரிக்கு மேற்பட்டது விரிகோணம்," என்று ஒப்பித்தார்கள்.

"சரி, இந்த அறையில் ஒன்றைக் காட்டுங்கள்," என்றார் அவர்.

உள்ளே உட்காரக் கொடுத்துவைத்தவர்கள் அத்தனை பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தக் கதவுங்க சார்," என்றேன் வராந்தாவிலிருந்தே. "இப்ப விரிகோணத்துல கீது. கொஞ்சம் இஸ்தா செங்கோணமா ஆய்டும்."

அவர் வெளியே வந்து கதவைத் தள்ளியும் இழுத்தும் பார்த்தார். "பேஷ், சரியாகச் சொன்னாய்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உள்ளே போய் உட்காரச் சொல்லிவிடுவார் என்று ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

அவர் வாத்தியாரிடம் திரும்பினார். "கதவை இப்படித் திறந்துபோட்டால் பெண்களுக்குத் தையலில் கவனம் எப்படி இருக்கும்? சாத்திவையுங்கள்."

வாத்தியார் தலையாட்டினார். மறுநாளிலிருந்து, கணக்கு மணி அடித்ததும் போய் அந்தக் கதவைச் சாத்தும் வேலையை என்னிடமே கொடுத்தார்.