அவன் கொடுத்த ரத்தம்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி அறையில் நானும் ஆம்பூர்க்காரன் ஒருவனும் தங்கிப் படித்தோம். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தேர்வு முடிந்த அன்று சீனியர்களோடு பீர் குடிக்கப் போனவன், அவர்கள் இழுத்தார்கள் என்று மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜுக்கும் போனான். ஆணுறை நினைவுக்கே வரவில்லை. மறுநாள் காலையிலேயே எய்ட்ஸ் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவான்.

"டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடும்ல?"

"எங்க போய் எடுக்கறது? பேர் கேப்பான், எதுக்குன்னு கேப்பான். நீ வந்து சொல்றியா?"

அந்த மாதமே கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. ஊசி என்றாலே முகம் வெளுக்கிறவன் முதல் ஆளாகப் போய்ப் படுத்திருந்தான். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கன்னடத்தில் "இல்லா சார்" என்றான். கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வெளியே வந்தபோதுதான் என்னிடம் சொன்னான்.

"எல்லார் ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணுவாங்க மச்சான். ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னா நான் க்ளீன். எப்படி நம்ம மூளை?"

"பெரிய வள்ளல்டா நீ."

வீட்டுக்காரம்மாவின் போன் நம்பரைக் கொடுத்திருந்தான். கீழே மணி அடித்தால் சாப்பிடுகிற கை நின்றுவிடும். ஒருநாள் அந்தம்மா, "தம்பி, உனக்குத்தான் போனு, ஓடியா!" என்று கத்தினார். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் இறங்கிப் போனேன். தீபாவளிக்கு எப்போது வருகிறான் என்று அவன் அப்பா கேட்டார்.

வேறு அழைப்பு வரவில்லை. சிவாஜிநகரில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

படிப்பு முடிந்து நான் ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபரானேன்; அறையை மட்டும் இருவரும் மாற்றவில்லை. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம், அந்த நாட்களில் கொடுக்கும் ரத்தம் இன்னொருவருக்குத் தொற்றைக் கொண்டுபோகலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். என் செய்தியில் அது ஐந்தாவது பத்தியாக வந்தது.

அறைக்குத் திரும்பி அவனிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

"அந்த ரத்தம் யாருக்குடா போயிருக்கும்?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாது."

"ஆபரேஷன் ஆளா? பிரசவத்துக்கு வந்த பொம்பளையா?"

அதன்பின் சாப்பிடும்போதும் கேட்பான், பல் தேய்க்கும்போதும் கேட்பான். அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தால் விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று விசாரித்து, ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒக்கலிபுரம் அருகே பஸ் நெரிசலில் நின்றது.

"எனக்கு இருக்குன்னு வந்தா அந்த ஆளுக்கும் போயிருக்கும்ல?" என்றான். "எனக்கு மட்டும்தான்னா எப்பவோ வந்திருப்பேன்டா."

"இல்லன்னும் வரலாம்ல?"

அவன் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். ஜன்னல் வழியே கூப்பிட்டேன். திரும்பவில்லை. நடைபாதையில் நின்று, எதிரே வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.