ராதாவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர்

போன மாதம் மகளோடு மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தேன். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊரிலிருந்து அப்பா வந்தால் எங்கேயாவது கூட்டிப்போய்விட வேண்டும் அவளுக்கு. கடற்கரை, மால் எல்லாம் தீர்ந்துபோய் கடைசியில் சிங்கத்திடம் வந்து நின்றோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் அந்த வாடை வந்தது. ஈரச் சாக்கு, பழைய இறைச்சி, மூத்திரம் எல்லாம் சேர்ந்த வாடை. மகள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். நான் நன்றாக இழுத்து மூச்சுவிட்டேன்.

"என்னப்பா, மல்லிகைப்பூவா அது?" என்றாள். அது என் வாலிபத்தின் வாடை என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

எங்களுக்கும் சிங்கத்துக்கும் நடுவே ஒரு சுவர், அதற்கப்பால் அகலமான அகழி. அகழி நிறைய தண்ணீர், பச்சைப் பசேலென்று. அங்கே நின்ற காக்கிச்சட்டைப் பணியாளரிடம், "இது தப்பிச்சு வந்துட்டா?" என்று மகள் கேட்டாள். தினமும் நூறு பேர் கேட்கிற கேள்வியாக இருக்கும். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. பின்னால் அறைக்கு இரண்டு கதவு இருக்கிறது, ஒன்றைப் பூட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைத் திறப்போம் என்றார். சாப்பாடு அறைக்குள்ளேதான் வைப்பார்களாம். அதனால் சாயங்காலம் ஆனால் அதுவாகவே உள்ளே போய்விடுமாம்.

"அப்படியும் வெளிய வந்துருச்சுன்னா, மயக்க ஊசி இருக்கும்மா. ஆனா மொதல்ல தொரத்த மாட்டோம். கூட்டத்த வெளியேத்திட்டு, அறைக் கதவத் தொறந்து வச்சிட்டு, சத்தமில்லாம நிப்போம். பசிச்சா வீட்டுக்குத்தான வரணும்."

இதை நான் முன்பே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டே சொன்னார் அவர்.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றால் கத்துவது. சொக்கன் அண்ணன் என்பவர் பழைய ஜீப்பை ஓட்டுவார், அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும், உள்ளே நான் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் பொங்கல், காணாமல்போன மாடு, எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். என் முகத்தை யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்டால் நாய்கூட வாலை ஆட்டும் என்று சொக்கன் அண்ணன் கேலி செய்வார்.

அந்தக் கோடையில் பந்தல்குடி ரோட்டோரம் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் அடித்தது. எங்களுக்கு நல்ல யோகம். காலையில் திருச்சுழி பக்கம், மத்தியானம் மல்லாங்கிணறு பக்கம் என்று சுற்றுவோம். பாட்டை அலறவிட்டு, ரோஸ் கலர் நோட்டீஸை ஜன்னல் வழியாக வீசிக்கொண்டே போனால், பிள்ளைகள் புழுதிக்குள் விழுந்து எழுந்து ஓடிவரும். "சீறும் சிங்கம்! பாயும் புலி!" என்பேன். புலி கிடையாது. அது என் கைச்சரக்கு. சிங்கம் இருந்தது, ஆனால் சீறாது. ராதா என்று பெயர், வயசான பெண் சிங்கம்.

ராதாவைப் பார்த்துக்கொண்டவர் பாஸ்கரன் அண்ணன். எந்த ஊர்க்காரர் என்று கடைசிவரை தெரியவில்லை, எல்லா ஊர்த் தமிழும் அவர் வாயில் இருந்தது. அது, இது என்று ராதாவைச் சொன்னால் கோபம் வரும். "'அவ'ன்னு சொல்லு" என்பார். எனக்கும் அதுவே பழகிவிட்டது. சர்க்கஸ் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்ட மைக்செட் பாட்டரியை எடுக்கப் போகிற சாக்கில் நான் கூண்டருகே போய் நிற்பேன். ராதா கம்பியில் கன்னத்தைத் தேய்ப்பாள், அண்ணன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார். எனக்கும் தொட ஆசைதான். தைரியம்தான் கடைசிவரை வரவில்லை.

கூண்டு வண்டிக்கு நடுவில் மேலிருந்து இறக்குகிற பலகை ஒன்று உண்டு. ராதாவை ஒரு பாதிக்குள் விட்டு, பலகையை இறக்கிவிட்டு, மறுபாதியைக் கழுவுவார்கள். ஒருநாள் காலையில் பலகைக்குக் கீழே ஒரு எலும்பு சிக்கிக்கொண்டது. பலகை முழுதாக இறங்கவில்லை. இறங்கிவிட்டது என்று நினைத்து, அண்ணன் கழுவுகிற பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் வாளி எடுக்கப் போயிருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு வாளித் தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று சர்க்கஸ்காரருக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது ராதா பலகையை நெம்பித் தூக்கியிருந்தாள், கூண்டு காலி.

ராதா பக்கத்திலிருந்த வறண்ட கண்மாய்க்குள் இறங்கி, சீமைக்கருவேல நிழலில் போய்ப் படுத்துவிட்டாள். சர்க்கஸ் மேனேஜர் ஓடிவந்து எங்கள் ஜீப்பை மறித்தார். யாரும் வெளியே வரக்கூடாதென்று ஊருக்குள் சொல்லுங்கள் என்றார். பறந்தோம்.

"சர்க்கஸ் சிங்கம் தப்பித்துவிட்டது! யாரும் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவுக்குத் தெரு கதவுகள் திறந்தன. பிள்ளைகள் நோட்டீஸ் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். அதே ஜீப், அதே குரல். அவசரத்தில் சொக்கன் அண்ணன் சர்க்கஸ் பாட்டைவேறு நிறுத்தாமல் விட்டிருந்தார். புது விளம்பரம் நல்லாருக்கே என்று ஒருவர் கை தட்டினார். பாதிப் பேர் நம்பவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார்கள். மீதிப் பேர் நம்பினார்கள், அவர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நாங்கள் திரும்பி வருவதற்குள் கண்மாய்க் கரை முழுக்கத் தலைகள். கரைக்குக் கீழே ஒருவன் சேவு விற்றுக்கொண்டிருந்தான்.

துப்பாக்கியோடு வந்திருந்த போலீஸ் அதிகாரி நல்ல மனுஷன்தான். அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. "இவ்வளவு சனம் நிக்குது. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்தா நான் சுட்டுத்தான் ஆகணும்" என்றார். கரையிலிருந்து யாரோ கல்லை எறிந்தார்கள். ராதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பாஸ்கரன் அண்ணன் அதிகாரியின் காலைப் பிடித்துக்கொண்டார். "சார், அவ கூண்டுலயே பொறந்தவ. வெளிய இருக்கத் தெரியாது சார் அவளுக்கு, உள்ள போகத்தான் தெரியும். இந்தச் சனத்த மட்டும் அனுப்புங்க. வண்டியக் கொண்டாந்து கதவத் தொறந்து வச்சா அவளா ஏறிருவா. சத்தம் ஆகாது சார், சத்தம் ஆகாது." அந்த அழுகையைப் பார்க்க முடியவில்லை.

போலீஸார் விரட்டிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் இறங்கியவர்கள் அந்தப் பக்கம் ஏறினார்கள். எனக்கு என்ன தோன்றியதென்று இன்றுவரை தெரியவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னேன். மைக்கை எடுத்தேன். கத்தவில்லை. தண்ணீருக்கென்று எனக்கு ஒரு குரல் உண்டு, ஏற்ற இறக்கமில்லாத, செய்தி வாசிக்கிற குரல். பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்து ஒருமுறை தெருக்குழாயில் தண்ணீர் விடும்போது அதில்தான் சொல்வேன்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. தெருக்குழாய்களில் இப்போது தண்ணீர் திறந்துவிடப்பட்டுள்ளது."

இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் பெண்கள் திரும்பினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் ஆண்கள் சைக்கிளைத் தேடினார்கள். சேவுக்காரனும் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். கரையில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

கூண்டு வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் கதவைத் திறந்து உள்ளே கறியை வைத்துவிட்டு, "ராதா, வா கண்ணு" என்றார். அவள் எழுந்து, சோம்பல் முறித்து, முள்ளுக்குள் பார்த்து நடந்து வந்தாள். வண்டியருகே ஒரு நிமிஷம் நின்று திரும்பிக் கண்மாயைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ. பிறகு ஏறிவிட்டாள். அண்ணன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் நான் அவள் முதுகைத் தொட்டேன் என்று எழுத ஆசை. தொடவில்லை.

சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் இன்னும் கூட்டம். வரிசையாகக் குடங்கள். யாரும் போகவில்லை. வரிசையின் முதல் குடம் எப்போதும்போல முத்துலட்சுமி அக்காவுடையது. என் பக்கத்து வீடு. தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். குழாயடியில் அக்கா வைத்ததுதான் சட்டம். ஒளிந்துகொள்ள வழியில்லை, போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா முதலில் கேட்டது இதுதான்: "சிங்கம் உள்ள போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"சுடலையே?"

"இல்லக்கா."

"அப்பச் சரி." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வெறுங்குடம். நாலு அடி போய்த் திரும்பினார்கள். "ஏலே, இனிமே எதுக்கு வேணும்னாலும் பொய் சொல்லு. தண்ணி வருதுன்னு மட்டும் சொல்லாத."

அப்புறம் நிஜமாகவே தண்ணீர் விட்டபோது என் குரலைக் கேட்டு யாரும் ஓடிவரவில்லை. குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தார்கள்.

சர்க்கஸ் அடுத்த வாரம் கிளம்பிப் போனது. சில வருஷத்தில் சிங்கங்களை வைத்து வித்தை காட்டக்கூடாதென்று ஆகிவிட்டது. ராதா அதற்குள் போய்ச் சேர்ந்தாளோ, இப்படி ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தாளோ, தெரியாது. ரோஸ் நோட்டீஸும் இல்லை, சொக்கன் அண்ணனும் இல்லை. அறிவிப்பெல்லாம் இப்போது பதிவு செய்த குரல், யார் பேசுவதென்றே தெரியாது.

"அது ஏம்ப்பா அந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கு?" என்றாள் மகள். அகழிக்கு அப்பால் சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி, அறைக் கதவு திறக்கக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் குழாயடியில் வெறுங்குடத்தோடு நின்ற அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அக்கா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்திருந்தால் இங்கே கூட்டி வந்திருப்பேன். சிங்கத்தை ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குனிந்து அகழியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்:

"ஏலே, இம்புட்டுத் தண்ணியா!"