பல்லைக் கறுப்பாக்கும் மருந்து

ஆம்பூரில் பல் கிளினிக் வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குப் பொறுமை கம்மி. அதைக் குழந்தைகளிடம் காட்டக் கூடாது என்பதால் மற்ற எல்லாவற்றின் மேலும் காட்டிவிடுவேன். அப்படித்தான் ஒருநாள் மதியம், செல்போனுக்கு வந்த ஒரு கேள்விப் படிவத்தின் மேல் எரிந்து விழுந்தேன். பல் மருத்துவம் படிக்கிற ஒரு பெண் ஆய்வுக்காக அனுப்பியிருந்தாள். சொத்தைப் பல்லில் தடவுகிற, வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தைப் பற்றித் தெரியுமா, பயன்படுத்துகிறீர்களா, இல்லையென்றால் ஏன்? தெரியும் என்று தட்டினேன். பயன்படுத்துவதில்லை என்று தட்டினேன். ஏன் என்பதற்கு, ‘பல் கறுத்துவிடும், பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மருந்து நல்ல மருந்துதான். ஊசி வேண்டாம், மிஷின் வேண்டாம். பல்லைத் துடைத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷில் ஒரு சொட்டு தொட்டுத் தடவினால் பெரும்பாலும் சொத்தை அதோடு நின்று இறுகிவிடும். ஆனால் சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். முன்பல்லில் அப்படி ஆனால் எந்த அம்மா சும்மா விடுவாள்? இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லி, இத்தனை காலம் ஓட்டியிருந்தேன்.

அதே வாரம் ஒரு பெண் தன் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. குழந்தைக்கு மேல் வரிசை முன்பற்கள் நாலும் சொத்தை. நல்லவேளை, வேர் வரைக்கும் போகவில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடிக்கிறதாம், சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறதாம். என் நாற்காலியைப் பார்த்ததும் அழுது ஊரைக் கூட்டிவிட்டது. வேலூருக்குக் கூட்டிப்போய் மயக்க மருந்து கொடுத்துத்தான் அடைக்க முடியும் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மயக்க மருந்து என்றால் பயமாக இருக்கிறது, வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

இருந்தால் சொல்ல மாட்டேனா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டென்று விழுங்கினேன். வழி இருக்கிறதே.

சொன்னேன். கறுத்துப்போகும் என்பதை இரண்டு முறை சொன்னேன். கறுப்பு பக்கத்துப் பல்லுக்குப் பரவுமா, எத்தனை வருஷம் இருக்கும், புதுப் பல்லும் கறுப்பாக முளைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பரவாது, பால்பல் விழுகிற வரைக்கும்தான், புதுப் பல் வெள்ளையாகவே வரும் என்றேன்.

“பால்பல்லுதானே மேடம். கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. பாப்பா சாப்டணும், அதான் எனக்கு வேணும்” என்றார்.

இதுவரை யாருக்கும் இதைப் போட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஏன் என்றார். அம்மாமார்கள் வேண்டாம் என்பார்கள் என்றேன். எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. நான் யாரையும் கேட்டதே இல்லை.

மருந்து வரவழைக்க நாலு நாள் ஆயிற்று. பிடுங்கி வைத்திருந்த ஒரு பல்லில் தடவிப் பழகினேன். ஒரு சொட்டு ஆள்காட்டி விரலில் பட்டு, ஓட்டுப் போட்டால் வைக்கிற மை மாதிரி அப்பிக்கொண்டது; எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. “இன்னா மேடம், நம்மூர்ல எலெக்‌ஷனா?” என்று வரவேற்பில் இருக்கிற பெண் கிண்டல் செய்தாள்.

குழந்தை அம்மா மடியிலேயே உட்கார்ந்திருந்தது. உதட்டில் வாசலின் தடவி, பல்லைப் பஞ்சால் துடைத்து, மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். பல்லுக்கு ஒரு நிமிஷம். ஒருதரம் முகத்தைச் சுளித்தது, அவ்வளவுதான். அழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை சுலபமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

குழந்தையின் வாயைத் துடைத்தபடி அந்த அம்மா சொன்னார்: “பெரியவளையும் உங்ககிட்டதான் மேடம் கூட்டினு வந்தேன். மூணு வருஷம் ஆவுது. அவளும் இப்படித்தான், உக்காரவே மாட்டேன்னா. கொஞ்சம் பெரிசாகட்டும், பாக்கலாம்னு அனுப்பினீங்க. அப்புறம் ஈறு வீங்கி, நாலு பல்லையும் எடுத்துட்டீங்க.”

எனக்கு நினைவில்லை. அவர் குறையாகவும் சொல்லவில்லை. குழந்தைக்குச் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“அப்போ இந்த மருந்து வரலையா மேடம்?”

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் நம்பியிருப்பார். நம்பத் தயாராகத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“வந்துருச்சும்மா. எனக்கும் தெரியும். நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன்.”

அவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்” என்றார்.