பெட்டியில் இருந்த பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அண்ணன்தான் பழசாக வாங்கி வந்தான். அந்த வருடச் சரஸ்வதி பூஜைக்கு அதன் பெட்டியில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போனவனை ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

புது விண்டோஸ் பழகினால் எனக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாத்தளைக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் திறந்து பார்த்தார்.

"புது விண்டோஸை இது தாங்காது தங்கச்சி. மெமரி பத்தாது, புரோசசரும் பழசு. வேற மெஷின் ஒன்டு வாங்குங்க."

"வேணாங்க நானா. எங்களுக்கு இதுவே இருக்கட்டும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப துப்புரவாக்கி, பழசையே நல்லா ஓடுற மாதிரி செஞ்சு தாறேன்."

மாலையில் போனபோது பெட்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது. பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது.

"அதுல கை வெக்கல்ல," என்றார் நானா. "சுத்திவரத்தான் தொடச்சேன்."

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போதும் சரஸ்வதி பூஜையன்று அம்மா வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் புதுப் பொட்டு வைப்பார். கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்ததும், "இதுக்கு அவன் வந்து வப்பான்" என்று குங்குமச் சிமிழை மூடிவிடுவார்.